சவோன்லின்னா: அப்பா அம்மாவோடு மூன்று நாள் தங்கலாமா?

காவேரிப்பட்டணத்தான்:
எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சி பின்லாந்தில் லாப்பேன்ராந்தாவில் மேல்படிப்பு படிக்கிறாள். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஜூன் கடைசியில் போகிறேன். ஹெல்சின்கியில் இரண்டு நாள் போதும், மீதியை ஏரிக்கரையில் கழிக்க ஆசை, தங்கச்சி சவோன்லின்னா என்று ஒரு சின்ன ஊரைச் சொல்கிறாள். அப்பா மாந்தோப்பு வைத்திருப்பவர், போர்வெல்லில் தண்ணீர் வருமா வராதா என்ற கவலையிலேயே வயசைக் கழித்தவர், அவருக்கு நிறைந்த ஏரியைக் காட்ட வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். கார் கிடையாது. அங்கே மூன்று நாளைக்குப் பார்க்க என்ன இருக்கிறது? அப்புறம், தோட்டத்து மாம்பழம் ஒரு பெட்டி கொண்டுபோயே ஆகணும் என்கிறார் அப்பா, விடுவார்களா?

ஓசூர்_எஸ்போ:
தாராளமாகப் போங்க. நான் எஸ்போவில் வேலை பார்க்கிறேன், ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கேதான் அனுப்புவேன். லாப்பேன்ராந்தாவில் ரயில் ஏறி பாரிக்கலாவில் மாறினால் சவோன்லின்னா வந்துவிடும். அந்தக் கிளைப் பாதையை அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்க்கட்டும், மரம், தண்ணீர், மறுபடி மரம், மறுபடி தண்ணீர் என்றே போகும். சாய்மா ஏரி ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீட்டர், நடுவில் ஆயிரக்கணக்கில் தீவுகள், ஊரே அந்தத் தீவுகள் மேல்தான் இருக்கிறது.

அங்கே முக்கியமாகப் பார்க்க வேண்டிய ஒலாவின்லின்னா கோட்டை 1475-இல் கட்டத் தொடங்கியது. அன்றைக்கு அந்த நாடு ஸ்வீடன் ஆட்சியில், கிழக்கே ரஷ்யர்களைத் தடுக்க நீர்ச்சந்தி நடுவில் பாறை மேல் கட்டினார்கள். நீரோட்டம் வேகம் என்பதால் குளிர்காலத்திலும் அந்த இடத்தில் பனி சரியாக உறையாது, எதிரி பனிமேல் நடந்து வர முடியாது. உள்ளே படிகள் குறுகலும் செங்குத்தும், அம்மா கோபுரம் ஏற வேண்டாம், முற்றத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். ஜூலையில் அதே முற்றத்தில்தான் ஓபரா விழா, அதாவது பாட்டாலேயே நடத்தும் நாடக விழா, முதலில் நடந்தது 1912-இல். அப்போது அறை வாடகை எங்கேயோ போய்விடும், நீங்க ஜூனிலேயே போவது நல்லது.

ஒன்று மட்டும் கவனம். ஜூன் 20-க்கும் 26-க்கும் இடையில் வரும் சனிக்கிழமை அவர்களுக்கு யுஹான்னுஸ், நடுக்கோடைப் பண்டிகை. முந்தின நாள் வெள்ளி மதியத்திலிருந்தே ஊர் காலி, ஆளாளுக்கு ஏரிக்கரைக் குடிலுக்குப் போய்விடுவார்கள், கடைகள் பாதி மூடியிருக்கும், ரயிலும் குறைவு. அந்த வார இறுதியைத் தவிர்த்து டிக்கெட் போடுங்க.

மாம்பழம் முடியாதுங்க. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பையில் சான்றிதழ் இல்லாமல் பழம் கொண்டுபோனால் பறிமுதல்தான், வாழை, அன்னாசி, தேங்காய் மாதிரி நாலைந்துக்கு மட்டும் விலக்கு. நெய், பால்கோவாவும் கூடாது. ராகி மாவு, ஊறுகாய் எடுத்துப் போகலாம்.

பென்னாகரம்_மீனவன்:
ஹெல்சின்கியில் ஓட்டல் சமையலறையில் இருந்தபோது சவோன்லின்னாவுக்குப் போயிருக்கிறேன். துறைமுகத்தை ஒட்டிச் சந்தைத் திடல், அங்கே மூய்க்கு என்ற விரல் நீள ஏரி மீனைக் ரை என்ற தானியத்தின் மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்துத் தருவார்கள். ஒகேனக்கல் கரையில் மீன் வறுவல் தின்ற மாதிரியே கையால் எடுத்து முள்ளோடு தின்னலாம், மிளகாய் மட்டும் இருக்காது. அப்பா சாப்பிடுவார் என்றால் விடாதீங்க.

அம்மாவுக்குக் கர்யாலா பை என்று ஒன்று எல்லாக் கடையிலும் கிடைக்கும், ரை மாவு மடிப்புக்குள் பாலில் வேகவைத்த அரிசி. மேலே முட்டை கலந்த வெண்ணெய் வைப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும். லோர்ட்சி என்ற பொரித்த பலகாரம் அந்த ஊர்ச் சிறப்பு, அதில் ஆப்பிள் வைத்தது கேளுங்க, கறி வைத்ததும் உண்டு. ஆனாலும் மூன்று நாளும் இதையே அம்மா சாப்பிட மாட்டார்கள், சமையலறை உள்ள அறையாகப் பிடியுங்க.

ராமக்காள்_ஏரிக்கரை:
மூன்று நாள் அதிகம் என்பது என் எண்ணம். கோட்டை ஒரு நாள், அப்புறம் என்ன? பக்கத்தில் கெரிமேக்கி என்ற ஊரின் மரத் தேவாலயம் போனேன், பெரிசுதான், ஆனால் போய் வரவே நேரம் ஆனது.

ஓசூர்_எஸ்போ:
கெரிமேக்கியை அப்படித் தள்ளாதீங்க. 1847-இல் முடித்த கட்டடம், மூவாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம், உலகிலேயே பெரிய மரத் தேவாலயம் என்கிறார்கள். ஏதோ அளவு தப்பாகப் படித்து இவ்வளவு பெரிசாகக் கட்டிவிட்டார்கள் என்று அங்கே கதை சொல்வார்கள், நம்பாதீங்க, ஊர் மக்களில் பாதிப் பேர் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும் என்று கணக்குப் போட்டே கட்டியது. டாக்சியில் போனால் அம்மாவுக்கும் சிரமம் இல்லை.

மூன்றாவது நாள் புங்காஹார்யூவுக்கு. பனியுகத்தில் உருகிய பனியாறு கொட்டிவிட்டுப் போன மணலும் சரளையும் சேர்ந்த மேடு, 7 கிலோமீட்டர் நீளம், இரண்டு பக்கமும் ஏரி, மேலே உயரமான பைன் மரங்கள். அதே கிளை ரயில் அங்கே நிற்கும், பக்கத்தில் லுஸ்தோ என்ற காட்டு அருங்காட்சியகமும் இருக்கிறது. தோப்பு வைத்திருக்கும் மனுஷனுக்கு அந்த அருங்காட்சியகமே அரை நாள் பிடிக்கும்.

காவேரிப்பட்டணத்தான்:
ரொம்ப நன்றிங்க. சீல் என்கிற கடல்நாய் பார்க்க முடியுமா? தங்கச்சி ஏரியிலேயே சீல் இருக்கிறது என்கிறாள். அப்பா கேட்டது இன்னொன்று, அங்கே ஆலைகள் இருந்தும் தண்ணீர் எப்படிக் குடிக்கும்படி இருக்கிறது என்று. நம் பக்கம் மாங்கூழ் ஆலைக் கழிவு நாற்றத்தைப் பார்த்தவருக்கு அது நம்ப முடியவில்லை.

ஓசூர்_எஸ்போ:
சீல் உண்மை. பனியுகத்துக்குப் பிறகு நிலம் மேலெழுந்து கடலிலிருந்து ஏரி பிரிந்தபோது உள்ளே மாட்டிக்கொண்ட இனம், உலகில் சாய்மாவில் மட்டும்தான் உண்டு, சில நூறுதான் மிச்சம். மே மாதத்தில் ரோமம் உதிர்க்கப் பாறை மேல் படுக்கும், அப்போது பார்ப்பது சுலபம். ஜூன் கடைசியில் அதிர்ஷ்டம் இருக்கணும், அம்மாவிடம் உறுதி சொல்லிவிடாதீங்க. குட்டிகள் வலையில் சிக்கிச் சாகாமல் இருக்க ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முடிய அவை வாழும் பகுதிகளில் வலை போடத் தடை.

தண்ணீர் எப்போதும் இப்படி இருந்ததில்லை என்று அப்பாவிடம் சொல்லுங்க. தெற்குச் சாய்மாவில், உங்க தங்கச்சி இருக்கும் லாப்பேன்ராந்தா பக்கமே, காகிதக் கூழ் ஆலைகள் பல வருஷம் கழிவை நேரே ஏரியில் விட்டன. 1962-இல் தண்ணீர்ச் சட்டம் நடைமுறைக்கு வந்து, கழிவு விட அனுமதியும் நிபந்தனையும் கட்டாயம் ஆகி, அப்புறம் ஆலைகளே சுத்திகரிப்பு நிலையம் கட்ட வேண்டி வந்தது. ஆலைகள் இன்றும் ஓடுகின்றன, லாப்பேன்ராந்தா கரையில் நின்றால் புகைபோக்கி தெரியும், அதையும் அப்பாவுக்குக் காட்டுங்க.