கமலா ஆரஞ்சு இலை மேல பச்சைப் பாசி, மரத்துக்கு கெடுதலா?

மலைத்தோட்டம்:
தாண்டிக்குடி பக்கம் காபிக்குள்ள கமலா ஆரஞ்சு நிக்குது, சில்வர் ஓக் நிழல் ஜாஸ்தி. ஐப்பசி மழைக்கு அப்புறம் கீழ்க்கிளைல முத்தின இலை மேலெல்லாம் பாசி படிஞ்சு கெடக்கு. பாசியும் பச்சை தானே, அதுவும் ஒளிச்சேர்க்கை பண்ணுது, இலைக்கு என்ன நஷ்டம்னு பக்கத்து தோட்டத்துக்காரர் கேக்குறார். மருந்து அடிக்கணுமா, விட்றலாமா?

இலைக்கிறுக்கன்:
அது பச்சையா இருக்கிறது தாங்க சிக்கலே. பாசில இருக்கிறதும் அதே குளோரோபில் தான், இலைக்கு வேண்டிய சிவப்பு வெளிச்சம் நீல வெளிச்சம் ரெண்டையும் மேல உக்காந்துக்கிட்டு இது முதல்ல எடுத்துக்கும், மிச்சம் தான் கீழ போகும், அது தயாரிக்கிற சர்க்கரைல மரத்துக்கு ஒண்ணும் வராது. ஆனா ஆரஞ்சு, எலுமிச்சைக்கெல்லாம் இலைத்துளை அடிப்பக்கம் தான் இருக்கு, அதனால மேல்பக்கம் பாசி படிஞ்சா காத்து அடைபடாது, வெளிச்சம் மட்டும் தான் கணக்கு. முழு வெயில்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு கெடைச்சாலே இந்த இலைக்கு போதும், அதுக்கு மேல வந்தாலும் ஒளிச்சேர்க்கை பெருசா ஏறாது, ஸோ வெயில்ல நிக்கிற இலைக்கு லேசான பாசி உறைக்கவே உறைக்காது. உங்க கீழ்க்கிளைக்கு வர்ற வெளிச்சமே பத்தாது, அதுலயும் பாசி பங்கு கேக்குது. என்ன பண்றது, பாசி புடிக்கிறதும் அந்த மாதிரி நிழல்ல, ஈரத்துல தானே.

கவாத்துக்கத்தி:
ஈரத்துணில துடைச்சுப் பாருங்க அண்ணே. வழிச்சுக்கிட்டு வந்தா வெறும் மேல்பாசி. வராம வட்ட வட்டமா வெல்வெட் மாதிரி, ஆரஞ்சு கலந்த செம்பொட்டா இருந்தா அது செபலூரோஸ்ங்கிற ஒட்டுண்ணிப் பாசி, டீத்தோட்டத்துல செந்துருன்னு சொல்றது. அது இலைத்தோலுக்கு அடில புகுந்துக்கும், குச்சில ஏறினா பட்டை வெடிக்கும். அதுக்கு தான் 1% போர்டோ கலவை, 100 லிட்டர் தண்ணிக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ.

எலுமிச்சைக்காரன்:
கறுப்பா மசி மாதிரி இருந்தா பாசியே இல்ல, அசுவினி, கருப்பு ஈ விடுற தேன் கழிவு மேல வர்ற பூஞ்சாணம். பூச்சிய தான் பாக்கணும்.

மலைத்தோட்டம்:
துடைச்சேன், வந்துருச்சு. அப்ப மருந்து வேணாமா?

கவாத்துக்கத்தி:
வேணாம். நிழல் அப்படியே இருந்தா அடிச்சாலும் அடுத்த மழைக்கு திரும்ப வரும். ஓக் பக்கக்கிளைய கழிங்க, கமலா மரத்துக்குள்ள காஞ்ச குச்சிய எடுங்க, காத்து ஓடணும்.

மலைத்தோட்டம்:
ஓக்ல பூரா மிளகுக்கொடி, இப்ப காய் புடிச்சு நிக்குது. பறிச்சப்புறம் தான் ஆள் ஏத்தணும்.