செட்ரிசின்: மாத்திரையில் சரியாக வருகிறது, சிறுநீரில் உதைக்கிறது

பார்மசி மாணவி:
பி.ஃபார்ம் கடைசி ஆண்டுப் புராஜெக்ட். 10 மில்லிகிராம் செட்ரிசின் (ஒவ்வாமை மருந்து) மாத்திரையைப் பொடித்து, நீரில் குலுக்கி வடிகட்டி, 231 நானோமீட்டர் புற ஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தேன். செறிவுக்கு எதிராக உறிஞ்சலை வரைந்த கோடு நேராக வந்தது; மருந்தும் அட்டையில் சொன்ன அளவே இருக்கிறது. இப்போது சிறுநீரிலும் சீரத்திலும் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீர்) அளக்கச் சொல்கிறார் வழிகாட்டி. மருந்தே கலக்காத சிறுநீரைப் பத்து மடங்கு நீர்த்தாலும் கருவி எல்லை தாண்டிவிடுகிறது. என்ன செய்வது?

குரோமட்டோகிராம்:
கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவி இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு?

பார்மசி மாணவி:
இருக்கிறது ஐயா. எம்.ஃபார்ம் மாணவர்களின் வரிசை முடிந்து எங்கள் முறை வருவதற்குள் தேர்வே வந்துவிடும்.

பழைய க்யூசி:
ஹெச்பிஎல்சி வருவதற்கு முன்பும் மருந்துகளை அளந்துகொண்டுதான் இருந்தோம்.

அம்மா, 231 நெரிசலான இடம். சிறுநீரில் இயல்பாகவே இருக்கும் கழிவுப்பொருளான கிரியேட்டினினின் உறிஞ்சல் உச்சமே 234-க்கு அருகில்தான். அது ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் இருக்கும். செட்ரிசின் எவ்வளவு? விழுங்கியதில் சுமார் பாதி ஒரு நாளில் மாறாமல் வெளியேறும். அந்த 5 மில்லிகிராம் ஒன்றரை லிட்டரில் பரவினால், மில்லிலிட்டருக்கு 3 மைக்ரோகிராம். நீர்க்க நீர்க்க இரண்டும் சேர்ந்தே குறையுமே தவிர, மருந்து தனியாக மேலே வராது.

ஆகவே இடத்தை மாற்றுங்கள். பிஹெச் 3 பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் வைக்கும் கரைசல்) புரோமோகிரெசால் கிரீன் என்ற சாயத்தைச் சேர்த்தால், செட்ரிசினின் நேர்மின் ஏற்ற நைட்ரஜன் சாயத்தின் எதிர்மின் அயனியோடு இணையும். அந்த இணை மஞ்சளாகக் குளோரோஃபார்முக்கு இறங்கிவிடும். இணை கிடைக்காத சாயமும் கிரியேட்டினினும் பெரும்பாலும் நீரிலேயே தங்கும். 415 நானோமீட்டர் அருகில் அளக்கலாம். மருந்தில்லாத சிறுநீரையும் இதே படிகளில் கொண்டுபோய் அதைத்தான் பிளாங்க்காக (கருவியின் பூஜ்யமாக) வைக்க வேண்டும். வெறும் குளோரோஃபார்ம் போதாது.

இரண்டு அடுக்குகளையும் பிரிக்கும் பிரிபுனலை வெறிகொண்டு குலுக்காதீர்கள். நடுவில் நுரைத்த படலம் ஒன்று உருவாகி மதியம்வரை நகராது. மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்தினாலே போதும். கீழடுக்கை நீரற்ற சோடியம் சல்ஃபேட் வழியாக இறக்குங்கள்: ஒரு துளி நீர் கலந்தாலும் கரைசல் மங்கும், ஒளி சிதறும், அதையும் கருவி மருந்தாக எண்ணிக்கொள்ளும். 415-க்குக் கண்ணாடி குவெட் (கருவியில் கரைசலை வைக்கும் சிறு கலம்) போதும். பிளாஸ்டிக் குவெட்டில் குளோரோஃபார்மை ஊற்றினால் குவெட்டே இளகிவிடும்.

சீரத்தை விட்டுவிடுங்கள். தினம் 10 மில்லிகிராம் சாப்பிடுபவரின் ரத்தத்தில் உச்ச அளவே மில்லிலிட்டருக்குச் சுமார் 0.3 மைக்ரோகிராம். சாயமுறை அவ்வளவு கீழே இறங்காது. சீரத்தில் தாராளமாக மருந்தைத் தாமே ஊற்றி, ஊற்றியது திரும்பக் கிடைத்தது என்று எழுதிவிட்டு ‘உடல் திரவங்களில் அளவிடல்’ என்று தலைப்பு வைக்கும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். மீட்பளவு என்று நேர்மையாக எழுதினால் என்ன குறைந்துவிடும்?

பார்மசி மாணவி:
நன்றி ஐயா. தும்மலுக்குச் செட்ரிசின் எடுக்கும் தோழி ஒருத்தி சிறுநீர் மாதிரி தருவதாகச் சொல்கிறாள். பயன்படுத்தலாமா?

பழைய க்யூசி:
கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதிக்காமல் வேண்டாம். அனுமதி கிடைத்தாலும், அவர் சளி மாத்திரை ஏதாவது எடுத்தாரா என்று முதலில் கேளுங்கள். அவற்றில் பலவற்றிலும் உள்ள குளோர்பெனிரமினும் செட்ரிசினைப் போல அமீன்தான் (நேர்மின் ஏற்கும் நைட்ரஜன் உள்ள சேர்மம்). அதே சாயத்தோடு இணைந்து அதே மஞ்சளாக இறங்கும். எது எவ்வளவு என்று அந்தக் குவெட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.