கையெழுத்துக்காகக் காத்திருந்த இரண்டு வருஷம்

விவாகரத்து டிக்ரி, அதாவது நீதிமன்றத்தின் இறுதி உத்தரவு, கையில் கிடைத்த அன்று எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்பினேன். வீட்டில் தனக்குள்ள பாதியை முன்னாள் கணவர் 90 நாளுக்குள் என் பெயருக்கு எழுதித் தர வேண்டும், கூட்டுக் கணக்கில் என் பங்கைக் கொடுக்க வேண்டும். உத்தரவில் எந்தக் குழப்பமும் இல்லை. 90 நாள் போனது, அப்புறம் ஒரு வருஷமும் போனது. கேட்டால் "பார்க்கலாம்" என்பார். நீதிமன்றமே அவரைக் கூப்பிட்டுக் கேட்கும் என்று உட்கார்ந்திருந்தேன். காவல் நிலையத்துக்கும் போனேன். சிவில் விஷயம் என்று அனுப்பிவிட்டார்கள்.

நீதிமன்றம் தானாகக் கூப்பிடாது. மீறிவிட்டார் என்று நாம்தான் மனு போட வேண்டும். இது எனக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆனது.

விசாரணையில் நீதிபதி கேட்டது ஒன்றைத்தான்: முடியவில்லையா, மனமில்லையா? பணமே இல்லை என்றார் அவர். உத்தரவுக்குப் பிறகு அவர் புது வண்டி வாங்கியது வங்கிக் கணக்கில் தெரிந்தது. அதோடு வழக்கின் போக்கு மாறிவிட்டது. கடைசியாக ஒரு தேதி கொடுத்தார்கள். அன்றும் அவர் வரவில்லை. அவருக்குப் பதிலாக நீதிமன்ற அலுவலரே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அது அவரே போட்டதற்குச் சமம். பணத்துக்குச் சம்பளத்தில் பிடித்தம், தாமதத்துக்கு வட்டி, என் வக்கீல் செலவும் அவர் தலையில். சிறைக்கு அனுப்பவில்லை, எனக்கு அதில் வருத்தமும் இல்லை. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

*

நான் மறுபக்கத்தில் நின்றவன். முன்னாள் மனைவி குழந்தையைப் பார்க்க விடவில்லை என்ற கோபத்தில், அவருக்குத் தர வேண்டிய பங்குத் தொகையை நிறுத்திவைத்தேன். அது நியாயம் என்றே நினைத்தேன். "அது வேறு உத்தரவு, இது வேறு உத்தரவு. அவர் மீறினால் நீங்கள் மனு போட்டிருக்க வேண்டும்" என்றார் நீதிபதி. நீதிமன்ற அவமதிப்பு என் பெயரில் பதிவானது. வட்டியோடு கட்டினேன். குழந்தை விஷயத்தில் அதற்குப் பிறகு நான் சொன்ன எதற்கும் எடை குறைந்துபோனதுதான் பெரிய இழப்பு. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

*

அக்கா, இந்தியாவில் இருப்பவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே கோவா தவிர, மணமுறிவில் சொத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் பொதுச்சட்டம் கிடையாது. பெரும்பாலும் இருவரும் ஒத்துக்கொண்ட சமரச ஒப்பந்தம்தான் டிக்ரியில் சேரும். அதை மீறினால் போடுவது நிறைவேற்று மனு, நாங்கள் இ.பி. என்போம். பத்திரம் எழுதித் தர மறுத்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 21ஆம் கட்டளை, 34ஆம் விதிப்படி நீதிமன்றமே எழுதிக் கொடுக்கும். பொதுவாக இ.பி. போட 12 வருஷம் இருக்கிறது. அவமதிப்பு நடவடிக்கைக்கு ஒரே வருஷம்தான். இந்த வித்தியாசம் தெரியாமல் வாய்ப்பை விட்டவர்கள் நிறைய.

*

சிறைக்கு அனுப்புவார்களா என்று எல்லோரும் கேட்பார்கள். அமெரிக்காவில், பென்சில்வேனியாவில், சாட்விக் என்ற வழக்கறிஞரின் விவாகரத்து வழக்கு இருக்கிறது. சுமார் 25 லட்சம் டாலரை நீதிமன்றக் கட்டுப்பாட்டில் வைக்கச் சொன்னார்கள். வெளிநாட்டு முதலீட்டில் போய்விட்டது என்றார் அவர், நீதிமன்றம் நம்பவில்லை. நீதிமன்ற அவமதிப்புக்காக 1995இல் உள்ளே போனவர் 2009இல்தான் வெளியே வந்தார். 14 வருஷம்! அவர்மேல் குற்ற வழக்கு எதுவும் இல்லை. பணத்தைக் கொண்டுவந்து வைத்திருந்தால் எப்போதோ வெளியே வந்திருக்கலாம். இனிமேலும் அடைத்துவைத்துப் பணத்தை வரவழைக்க முடியாது என்று முடிவானதால்தான் விட்டார்கள்.

*

என் கதை இன்னும் முடியவில்லை. வீடும் வீட்டுக் கடனும் முன்னாள் கணவருக்கு என்று தீர்ப்பு. அவர் தவணை கட்டவில்லை. வங்கியிலிருந்து எனக்குப் போன் வருகிறது. தீர்ப்பைக் காட்டினால், "கடன் பத்திரத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறதே" என்கிறார்கள். வங்கி அந்த வழக்கில் ஒரு தரப்பே இல்லையாம், அதனால் தீர்ப்பு அவர்களைக் கட்டுப்படுத்தாதாம். இரவில் தூக்கமே இல்லை.

*

முதலில் எழுதியவள்தான். சகோதரி, வங்கி சொல்வது சரிதான், ஆனால் உத்தரவை மீறியதற்காக உங்கள் முன்னாள் கணவர் மேல் நீங்கள் மனு போடலாம். கடனைத் தன் பெயருக்கு மட்டும் மாற்றிக்கொள்ள உத்தரவில் நாள் குறித்திருக்கிறதா பாருங்கள். வங்கி அனுப்பிய கடிதங்களையும், நீங்கள் ஏதாவது தவணை கட்டியிருந்தால் அந்த ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே வக்கீலிடம் போங்கள். என்ன சொன்னார் என்று வந்து எழுதுங்கள், காத்திருக்கிறேன்.