புதுப்பிப்பு: சிங்கப்பூர் கப்பல் பயணம், அம்மாவுக்கு வாந்தி வரவில்லை

பேருந்தில் ஏறினாலே வாந்தி எடுக்கும் அம்மாவைச் சிங்கப்பூரிலிருந்து புக்கெட், பினாங்கு போகும் கப்பலில் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, "நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுங்கள்" என்ற யோசனைதான். சீசா பலகை போலக் கப்பலின் முன்பக்கமும் பின்பக்கமும்தான் அதிகம் ஏறி இறங்குகிறது. நடுவில் அசைவு குறைவு. முதல் மாலை மேல்தள முன்பக்க உணவகத்தில் உட்கார்ந்தபோது மட்டும் அம்மாவுக்குத் தலை சுற்றியது. அறைக்கு வந்ததும் சரியாகிவிட்டது. மருத்துவரிடம் கேட்டு, புறப்படும் முன்பே அவோமின் என்ற வாந்தி தடுக்கும் மாத்திரை கொடுத்தோம். நல்ல தூக்கம் வரும், அதையும் கணக்கில் வையுங்கள். மறுநாள் முழுக்க மலாக்கா நீரிணை, குளம் மாதிரி கிடந்தது.

சிங்கப்பூரில் கப்பல் ஏறும் மெரினா பே முனையத்தில் எங்கள் பெரிய பெட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவை அறைக்கு வந்து சேர இரவாகிவிட்டது. மாத்திரை, பாஸ்போர்ட், மாற்றுத்துணி கைப்பையில் இருக்கட்டும் என்றவருக்குத் தனி நன்றி. இந்திய பாஸ்போர்ட்காரர்கள் கவனிக்க: கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போய்த் திரும்புவதால் பலமுறை நுழையும் விசா வேண்டும்.

எதிர்பாராதது இரண்டு. துணி தேய்க்கும் பெட்டியைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டார்கள், இறங்கும்போது தந்தார்கள். அப்புறம், கரைக்கு வந்த பிறகுதான் அம்மாவுக்குத் தரை ஆடுவது போல இருந்தது. இரண்டு நாளில் தானாகவே போய்விட்டது.