முந்திரிக்கொத்து பாக்கெட்டுக்குக் கையெழுத்து ஃபாண்ட்: எங்கே வைக்கலாம்?

தக்கலைக்காரி:
அம்மா சுடும் முந்திரிக்கொத்துப் பலகாரத்தைப் பாக்கெட் போட்டு மார்த்தாண்டம், நாகர்கோவில் கடைகளுக்குக் கொடுக்கிறோம். லேபிளை நான்தான் கான்வா என்ற டிசைன் ஆப்பில் செய்கிறேன். சின்னப் பிள்ளை எழுதின மாதிரி துள்ளலான ஒரு ஃபாண்ட் (எழுத்துரு) கிடைத்தது, ஆங்கிலத்தில் அருமையாக வருகிறது, தமிழில் அடித்தால் மட்டும் வேறு ஏதோ சாதா எழுத்தாக மாறிவிடுகிறது. தமிழில் இப்படி என்ன இருக்கிறது? பெயர், சேர்மானம், தேதி எல்லாமே அதிலேயே போடலாமா? கன்னியாகுமரிக்கு வரும் மலையாளிகளுக்காக மலையாளத்திலும் பெயர் வேண்டும்.

வடசேரி டிசைனர்:
அந்த ஃபாண்டில் தமிழ் எழுத்தே இருக்காது தங்கச்சி, அதனால்தான் மாறுகிறது. கூகுள் ஃபாண்ட்ஸில் கவிவனார் பாருங்கள், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்தது, சாய்ந்த கையெழுத்து. ஆனால் உங்களுக்கு மலையாளமும் வேண்டுமென்றால் நான் பாலு என்ற ஃபாண்ட் பக்கம்தான் போவேன். மும்பையில் ஏக் டைப் என்ற ஃபாண்ட் நிறுவனம் செய்தது, தமிழுக்கு பாலு தம்பி, மலையாளத்துக்கு பாலு சேட்டன், ஒரே குடும்பம் என்பதால் இரண்டு மொழியும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி நிற்கும். சுத்தமான கையெழுத்து இல்லைதான், ஆனாலும் தடித்து, உருண்டு, குறும்பாக இருக்கும். இவை எல்லாமே இலவசம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம்.

பிரஸ்காரன்:
பெயருக்கு மட்டும் போடுங்க, அதுவும் பெரிதாக. முந்திரிக்கொத்து என்ற பெயரிலேயே ந், க், த் என்று மூன்று புள்ளி. பிளாஸ்டிக் கவரில் மை கொஞ்சம் பரவினால் புள்ளி எழுத்தோடு ஒட்டிவிடும், ண, ழ மாதிரி எழுத்துகளின் சுழியும் அடைந்துபோகும். மெல்லிய கோடுள்ள ஃபாண்டை வெளிர் நிறத்தில் அடிக்கவே கூடாது. அப்புறம் ஃபைலைப் பிடிஎஃப் ஆகவே கொடுங்க. பிரஸ்ஸில் ஃபோட்டோஷாப்பில் திரும்ப டைப் செய்தால், செட்டிங் சரியில்லாத இடத்தில் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி உட்கார்ந்துவிடும். மாதிரிக்கு ஒரு பாக்கெட் அடித்துப் பார்க்காமல் மொத்தமாகக் கொடுக்காதீங்க.

குழித்துறை அக்கா:
சேர்மானம், தயாரித்த தேதி, காலாவதி, எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இதெல்லாம் விளையாடுகிற இடம் இல்லை மோளே. நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி நேரான எழுத்தில் போடு. சட்டப்படி அந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தே ஆகணும், தமிழை அதோடு கூடச் சேர்த்துக்கொள்ளலாம். சிறுபயறா கடலையா என்று பார்த்து வாங்குகிறவர்கள் கண்ணாடி போட்ட பெரியவர்கள், அவர்களுக்கு வளைந்த எழுத்து பெரும் தொல்லை. கல்யாண அழைப்பிதழிலும் இதையேதான் சொல்வேன், மணமக்கள் பெயரைக் கையெழுத்தில் போடலாம், மண்டபமும் நேரமும் சாதா எழுத்தில்தான் வரணும்.

தக்கலைக்காரி:
சரிக்கா, பெயருக்கு பாலு, மற்றதுக்கு நோட்டோ. அண்ணா, வெள்ளைக் கவரில் கரும்பச்சை எழுத்து எடுக்குமா?

பிரஸ்காரன்:
நல்லா எடுக்கும். மஞ்சள் மட்டும் வேண்டாம்.