குண்டு பல்பின் மின்தடை: கணக்கில் 880 ஓம், மீட்டரில் 65 ஓம்

கேள்வி:
230 வோல்ட், 60 வாட் குண்டு பல்பு ஒன்றில், மின்திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் 0.26 ஆம்பியர் என்றும், மின்னழுத்தத்தை அந்த மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை ஏறத்தாழ 880 ஓம் என்றும் கிடைக்கிறது. ஆனால், பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் 65 ஓம்தான் காட்டுகிறது. ஓம் விதி இங்கே பொருந்தாதா?

பதில் 1:
இரண்டு அளவுமே சரியானவைதான். எரியும்போது டங்ஸ்டன் இழையின் வெப்பநிலை 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடுவதால், அதன் மின்தடை குளிர்ந்த நிலையில் இருப்பதைப்போலப் பத்து மடங்குக்கும் மேலாக உயர்கிறது. நீங்கள் அளந்ததோ குளிர்ந்த இழையை. வெப்பநிலை மாறாதவரைதான் மின்தடை மாறாது என்ற நிபந்தனை ஓம் விதியிலேயே இருக்கிறது. பாடம் நடத்தும்போது அதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பதில் 2:
சுவிட்சைப் போட்ட கணத்தில் 230-ஐ 65-ஆல் வகுத்துப் பாருங்கள்: 3.5 ஆம்பியர் வருகிறது. இழை சூடேறும்வரை, நொடியின் ஒரு சிறு பகுதிக்கு, அந்த அளவு மின்னோட்டம் பாய முடியும் என்பதால்தான், நாள்பட்டு மெலிந்த பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும்போதே ஃபியூஸ் ஆகின்றன.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இஸ்திரிப் பெட்டியிலும் இவ்வளவு வேறுபாடு வருமா?

பதில் 1:
வராது. அதிலுள்ள நிக்ரோம் கம்பியின் மின்தடை சூட்டில் சில விழுக்காடு மட்டுமே உயரும். 1,000 வாட் பெட்டிக்கு, மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்திறனால் வகுத்தால் 52.9 ஓம் கிடைக்கும். மீட்டரும் ஏறக்குறைய அதையே காட்டும். அளப்பதற்கு முன் பிளக்கைக் கட்டாயம் பிடுங்கிவிடுங்கள்.