ஆறு வருஷமாகியும் ஆறாத மூகி பெட்ஸ் ட்ரேட்

பாஸ்டன்வாசி:
2025 நவம்பர் 1 இரவு, டொராண்டோவில் வேர்ல்ட் சீரிஸ் (பேஸ்பால் மேஜர் லீகின் இறுதித் தொடர்) ஏழாவது ஆட்டம், 11-ஆவது இன்னிங்ஸ். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 5, டொராண்டோ ப்ளூ ஜேஸ் 4. ஒரு அவுட்தான் ஆகியிருக்கிறது, முதல் பேஸிலும் மூன்றாவது பேஸிலும் ஆள். ப்ளூ ஜேஸின் கெர்க் அடித்ததில் மட்டை உடைந்து, பந்து ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே உள்ள இடம்) பக்கம் உருண்டது. அங்கே நின்றவர் மூகி பெட்ஸ். எடுத்தார், ஓடிப்போய் இரண்டாவது பேஸை மிதித்தார், முதல் பேஸுக்கு எறிந்தார். இரண்டு பேர் அவுட், கோப்பை டாட்ஜர்ஸுக்கு, சீரிஸ் முடிந்தது. அவருக்கு இது நான்காவது சாம்பியன் மோதிரம். 2018-இல் வாங்கிய முதலாவது மட்டும்தான் எங்கள் பாஸ்டன் அணியான ரெட் சாக்ஸின் சட்டையில் வாங்கியது.

என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதில் அவளுக்கு வாங்கித் தந்த 50-ஆம் எண் சட்டை இன்னும் அலமாரியில் இருக்கிறது, 5 பாதி உரிந்துவிட்டது. "இவரை ஏன்ப்பா விட்டோம்?" என்று கேட்டாள். நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

பின்னணி தெரியாதவர்களுக்கு: 2020 பிப்ரவரியில் ரெட் சாக்ஸ், பெட்ஸையும் பிட்சர் (பந்து வீசுபவர்) டேவிட் பிரைஸையும் டாட்ஜர்ஸுக்கு ட்ரேடில், அதாவது ஆள் மாற்றலில், கொடுத்தது. பதிலுக்கு அலெக்ஸ் வெர்டுகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங் என்று மூன்று பேர் வந்தார்கள். பெட்ஸுக்கு அப்போது 27 வயது. 2018-இல் .346 சராசரியில் அடித்து, 32 ஹோம் ரன் போட்டு, 30 பேஸ் திருடி (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடி) எம்விபி, அதாவது மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது, வாங்கியவர். 108 ஆட்டம் ஜெயித்த அந்த அணியின் உயிர்நாடி. ரெட் சாக்ஸ் மாதிரி பணக்கார க்ளப் இந்த ட்ரேடைச் செய்திருக்கவே கூடாது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

கணக்குப்பிள்ளை:
மறுக்கிறேன். வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் 2020 பிப்ரவரியில் என்ன தெரிந்திருந்ததோ அதை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பெட்ஸின் ஒப்பந்தத்தில் மிச்சம் ஒரே ஒரு சீசன், சம்பளம் 2.7 கோடி டாலர். அது முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட், எந்த க்ளப்போடும் பேரம் பேசலாம். க்ளப் 10 வருடத்துக்கு 30 கோடி சொன்னது, அவர் தரப்பு 12 வருடத்துக்கு 42 கோடி கேட்டது என்று அப்போதே செய்தி வந்தது. நடுவில் 12 கோடி இடைவெளி. சந்தைக்குப் போய்த் தன் விலையைப் பார்க்க வேண்டும் என்பதை அவரும் மறைக்கவில்லை.

அடுத்தது வரி. 2018, 2019 இரண்டு வருடமும் லீக் வைத்த மொத்தச் சம்பள எல்லையைத் தாண்டி, ஏறத்தாழ 1.2 கோடி, 1.3 கோடி என்று சொகுசு வரி கட்டியாகிவிட்டது. தொடர்ந்து மூன்றாவது வருடம் தாண்டினால், மிகுதித் தொகையில் பாதி வரியாகப் போகும். 2020-க்கான எல்லை 20.8 கோடி. ஒரே ஒரு வருடம் அதற்குக் கீழே வந்துவிட்டால் விகிதம் மறுபடி 20 சதவீதத்திலிருந்து தொடங்கும். பணத்தோடு போகிற விஷயமும் இல்லை இது. 2018-இல் எல்லையை 4 கோடிக்கு மேல் தாண்டியதற்காக, 2019 ட்ராஃப்டில் (இளம் வீரர்களை க்ளப்கள் வரிசைப்படி தேர்ந்தெடுப்பது) நம் முதல் தேர்வு 33-லிருந்து 43-ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. மைனர் லீகில் (க்ளப்பின் கீழ்நிலை அணிகளில்) தேறக்கூடிய இளைஞர்களே குறைவாக இருந்த காலம் அது.

கடைசியாக ஒன்று. 2020-இல் நடந்ததே 60 ஆட்டம். கிறிஸ் சேலுக்கு முழங்கை அறுவை சிகிச்சை. எட்வார்டோ ரோட்ரிகஸ் கொரோனாவுக்குப் பின் இதய அழற்சி வந்து ஒரு பந்துகூட வீசவில்லை. 24 வெற்றி, 36 தோல்வி. பெட்ஸ் இருந்திருந்தால் மூன்று, நான்கு ஆட்டம் கூட ஜெயித்திருப்போம். அதன் பிறகு அவர் கிளம்பியிருந்தால் நம் கையில் ஒரு ட்ராஃப்ட் தேர்வுதான் மிஞ்சியிருக்கும்.

மூணாம்பேஸ்:
அண்ணே, அந்த 1.3 கோடியை நீங்களே எழுதியிருக்கீங்க. திரும்ப ஒருதடவை படிச்சுப் பாருங்க. நாட்டிலேயே அதிக விலைக்கு டிக்கெட் விக்கிற க்ளப்கள்ல ஒண்ணு, 1.3 கோடி வரிக்காகவா தன் தலைமுறையிலேயே பெரிய ஆளை விட்டுச்சு?

நீங்க விரும்புற கணக்குக்கே வர்றேன். பெட்ஸ் 2018-ல வார் (சாதாரண மாற்று ஆளைவிட ஒருத்தர் எத்தனை வெற்றி கூடுதலாத் தர்றார்ங்கற) கணக்குப்படி பத்து வெற்றிக்கு மேல. அதை விடுங்க, 2019 அவருக்குச் சுமாரான வருஷம், அப்பவும் ஆறுக்கு மேல. அன்னிக்குச் சந்தையில ஒரு வெற்றிக்கு 80, 90 லட்சம் டாலர் போச்சு. ஆறு வெற்றின்னு கம்மியா வச்சாலும் 4.8 கோடி மதிப்பு, சம்பளமோ 2.7 கோடி. அந்த ஒரே வருஷத்துல 2 கோடிக்கு மேல லாபம் தர்ற ஆளு. அந்த லாபத்துக்கு ஈடா நல்ல இளம் பிட்சர்களை வாங்கியிருக்கணும்.

வாங்கலை. ஏன்? பிரைஸை அவர் முதுகுல கட்டி அனுப்புனாங்க. பிரைஸுக்கு இன்னும் மூணு வருஷம், 9.6 கோடி பாக்கி. அதுல பாதி 4.8 கோடியை பாஸ்டன் கட்டுச்சு, மீதியை டாட்ஜர்ஸ் ஏத்துக்கிச்சு. பெட்ஸோட மதிப்பு முழுக்க அந்த மீதி 4.8 கோடியில கரைஞ்சுபோச்சு. நாம ஒரு எம்விபியை வித்து இன்னொருத்தர் சம்பள பாக்கியை அடைச்சோம்.

பாஸ்டன்வாசி:
மூணாம்பேஸ் சொன்னதற்கு ஓர் உதாரணம் தருகிறேன். 2023 டிசம்பரில் சான் டியேகோ க்ளப், தன் நட்சத்திரம் ஹுவான் சோட்டோவை நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்தது. அதே நிலைமைதான்: ஒப்பந்தம் முடிய ஒரு வருடம், அடுத்த சீசன் சம்பளம் 3.1 கோடி, க்ளப்புக்குச் செலவைக் குறைத்தே ஆக வேண்டிய நெருக்கடி. கூடவே ட்ரென்ட் கிரிஷமும் போனார், ஆனால் அவர் சம்பளம் சிறியது. பதிலுக்கு மைக்கேல் கிங், ட்ரூ தார்ப், ராண்டி வாஸ்கெஸ், ஜானி பிரிட்டோ என்று நான்கு பிட்சர்கள், ஒரு கேட்சர். கிங் அடுத்த ஆண்டே 2.95 ஈஆர்ஏ (பிட்சர் ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் சராசரி ரன், குறைந்தால் நல்லது). தார்ப்பை வைத்து மூன்று மாதத்தில் பிட்சர் டிலன் சீஸை வாங்கினார்கள். நட்சத்திரத்தை விற்றே தீர வேண்டும் என்றால் இப்படி விற்க வேண்டும்.

நமக்கு வந்தவர்கள்? டவுன்ஸ் பாஸ்டனுக்காக ஆடியது 14 ஆட்டம். வெர்டுகோ 2023 டிசம்பரில் யாங்கீஸுக்கே போய்விட்டார்.

கணக்குப்பிள்ளை:
பிரைஸ் விஷயத்தில் நீங்கள் இருவரும் சொல்வது சரி. அவரைச் சேர்த்துக் கட்டியதுதான் இந்த ட்ரேடின் பெரிய பிழை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 'செய்திருக்கவே கூடாது' என்பதை ஏற்க மாட்டேன். 2004 ஜூலை 31 அன்று நம் நட்சத்திரம் நோமர் கார்சியாபாராவை அனுப்பியபோது ஊரே அழுதது. மூன்றே மாதத்தில் கோப்பைக்கான 86 வருடக் காத்திருப்பு முடிந்தது. 2012 ஆகஸ்டில் இதே டாட்ஜர்ஸுக்கு ஏட்ரியன் கான்சாலஸ், கார்ல் கிராஃபர்ட், ஜோஷ் பெக்கெட் மூவரையும் அனுப்பி 25 கோடிக்கு மேல் சம்பள பாரத்தை இறக்கினோம். அடுத்த வருடமே கோப்பை. பெட்ஸ் போன பின்பும் 2021-இல் 92 ஆட்டம் ஜெயித்து அமெரிக்கன் லீக் இறுதி வரை போனோமே. அந்த வருடம் வெர்டுகோ .289 அடித்ததை யாரும் பேசுவதில்லை.

மூணாம்பேஸ்:
நோமருக்கு அப்ப 31 வயசு, குதிகால் தசைநார் வலியோட ஆடினாரு. கிராஃபர்ட் ஒப்பந்தம் முதல் நாள்லேர்ந்தே சுமை. பெட்ஸுக்கு 27. இதையும் அதையும் ஒரே தராசுல வைக்காதீங்க அண்ணே. 2021-ஐச் சொல்றீங்க, 2020-ம் 2022-ம் 2023-ம் டிவிஷன்ல கடைசி இடம்னு சொல்ல மறந்துட்டீங்க.

பள்ளத்தாக்கு:
லாஸ் ஏஞ்சலஸ்லேர்ந்து எழுதறேன். 2020 வேர்ல்ட் சீரிஸ் ஆறாவது ஆட்டம், ஆறாவது இன்னிங்ஸ். ஒரு ரன் பின்தங்கி இருக்கோம். எதிரணி ரேஸ் தன் பிட்சர் ப்ளேக் ஸ்னெல்லை வெளியே எடுத்ததும் பெட்ஸ் டபுள் (ரெண்டாவது பேஸ் வரை போற அடி) அடிச்சார். ஒரு வைல்ட் பிட்ச் (கேட்சர் பிடிக்க முடியாத வீச்சு), சமன். பெட்ஸ் மூணாவது பேஸ்ல. எங்க சீகர் முதல் பேஸ் பக்கம் தரையில தட்டினார். பந்து மட்டையில பட்ட கணமே பெட்ஸ் கிளம்பிட்டார், எறிஞ்ச பந்து வர்றதுக்குள்ள ஹோம் ப்ளேட்ல கை. முன்னிலை. எட்டாவது இன்னிங்ஸ்ல ஹோம் ரன் வேற. ஸ்கோர் ஷீட்ல அந்த ஓட்டம் 'தரைப்பந்து, ஒரு ரன்'னுதான் இருக்கும். நாங்க காசு கொடுத்தது அந்த முதல் காலடிக்குத்தான்.

எங்ககிட்ட பணம் இருக்கு, உண்மை. 2024-ல வரியே 10 கோடிக்கு மேல. ஆனா 12 வருஷம் 36.5 கோடின்னு பெட்ஸ் கையெழுத்து போட்டது 2020 ஜூலையில, ஒரு டிக்கெட் கூட விக்காத காலத்துல. அதுல 11.5 கோடி பின்னாடி கொடுக்கறதா பேசினோம். உங்க க்ளப்பாலயும் அது முடிஞ்சிருக்கும்.

கணக்குப்பிள்ளை:
அந்த ஒப்பந்தம் 2032 வரை ஓடுகிறது. 2025 சீசன் முடிந்தபோது அவருக்கு 33 வயது, அந்த ஆண்டு அடித்தது .258. அதற்குப் பின்னும் ஏழு சீசன் பாக்கி. அதன் கடைசி வருடங்களில் நாம் மறுபடி பேசலாம்.

பள்ளத்தாக்கு:
பேசலாம் சார். மூணு கோப்பை வந்தாச்சு. கடைசி ஏழு வருஷமும் அவர் .220 அடிச்சாலும் எனக்கு மனக்குறை இல்ல.

பாஸ்டன்வாசி:
என் மனசில் உறுத்துவது 2020 பிப்ரவரிகூட இல்லை, 2018-இன் தொடக்கம். சம்பள நடுவர் முன்னால் பெட்ஸ் 1.05 கோடி கேட்டார், க்ளப் 75 லட்சம்தான் தருவோம் என்று வாதாடியது. பெட்ஸ் ஜெயித்தார். 30 லட்சம் டாலருக்காக, தன் ஆள் அவ்வளவுக்குத் தேறமாட்டான் என்று க்ளப் நடுவர் முன்னால் வாதாடியது. அந்த வருடம்தான் எம்விபி. அதற்கப்புறம் 'ஊர்ப் பாசத்துக்காகக் குறைத்துக்கொள்' என்று எந்த முகத்தோடு கேட்பது? 2022 டிசம்பரில் போகார்ட்ஸ் போனார். டெவர்ஸுக்கு 31.35 கோடி கொடுத்தும் 2025 ஜூனில் அவரையும் அனுப்பினோம். 2018 அணியில் நாமே வளர்த்த இந்த மூன்று பேரும் இன்று கலிஃபோர்னியாவில்.

கணக்குப்பிள்ளை:
அந்த நடுவர் விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். அதில் பாடம் படித்ததும் தெரிகிறது. நம் இளம் வீரர் ரோமன் அந்தோனி மேஜர் லீகுக்கு வந்து இரண்டே மாதம், 21 வயதில் 8 வருடம் 13 கோடி. பிட்சர் காரட் க்ரோஷேயை ட்ரேடில் வாங்கிய நான்கு மாதத்துக்குள் 6 வருடம் 17 கோடி. வரி விகிதத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, சம்பளப் பட்டியலைச் சுத்தம் செய்ததால் கிடைத்த இடம் இது.

மூணாம்பேஸ்:
2014-ல பெட்ஸ் வந்தப்பவே இதைச் செஞ்சிருக்கலாம்ங்கறதுதான் நான் சொல்ல வர்றது அண்ணே.

பாஸ்டன்வாசி:
நேற்று மகளிடம் அந்தோனி சட்டை வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். ஒப்பந்தம் எத்தனை வருஷம் என்று முதலில் கேட்டாள்.